எம்பிராய்டரி போட்ட துணியைக் கைப்பையாகத் தைக்கும்போது எங்கே கெட்டுப்போகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். பருத்தித் துணியில் கையால் பூக்கள் போட்டு, அதை வெட்டி ஒரு கைப்பை தைத்தீர்கள். பூக்கள் பாதி பையின் அடியில் போய்விட்டன, துணியில் அங்கங்கே சுருக்கம், பையும் நிற்காமல் தொளதொளவென்று சரிகிறது. இப்போது இரண்டாவது துணியில் எம்பிராய்டரி முடிந்து கையில் இருக்கிறது, வெட்டத்தான் பயம். நேர்த்தையல் மட்டும் போடும் வீட்டு மிஷின் இதற்குப் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மிஷின் போதும், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது, பல நாள் உழைத்த துணியைப் பாழாக்காமல் எந்த வரிசையில் வேலை செய்வது என்பதைத்தான். பல வருடங்களாகத் துணிப்பைகள் தைத்து வருகிறேன். கெட்டுப்போன பைகளில் பெரும்பாலானவை மிஷினில் கெடவில்லை, அதற்கு முன்னால் மேஜையிலேயே கெட்டுவிட்டன.

சுருக்கத்திலிருந்து தொடங்குகிறேன். துணியைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சுருக்கம் எப்போது தெரிந்தது என்று யோசித்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்திலிருந்து துணியைக் கழற்றியவுடனே சுருங்கியிருந்தால் நூலை இறுக்கி இழுத்திருக்கிறீர்கள், அல்லது வளையத்தில் துணி தளர்ந்து இருந்திருக்கிறது. அதுவரை நன்றாக இருந்து, தண்ணீர் பட்டபின் அல்லது நீராவி வைத்து இஸ்திரி போட்டபின் பூவைச் சுற்றிக் குமிழ் போல எழும்பினால், துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்காமல் எம்பிராய்டரி போட்டிருக்கிறீர்கள். பருத்தியும் லினனும் முதல் நனைப்பில் சுருங்கும், மேலே போட்ட நூல் அதே அளவு சுருங்காது. உள்ளே கேன்வாஸ், அதாவது இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி, ஒட்டிய பிறகுதான் சுருக்கம் வந்தது என்றால் குற்றம் கேன்வாஸுடையது. சூட்டில் அதுவே சுருங்கி மேல் துணியையும் இழுத்திருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளாமல் இரண்டாவது பையைத் தொடாதீர்கள்.

இரண்டாவது துணியையும் நனைக்காமலே போட்டிருந்தால், வெட்டுவதற்கு முன்பு இப்போதே நனைத்துவிடுவது நல்லது. அதற்கு முன் ஒரு சோதனை. வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை ஈரமாக்கி, எம்பிராய்டரியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்தின் மீதும் அழுத்தி வைத்து எடுங்கள். சிவப்பு, கருநீலம், மெரூன் மூன்றையும் கட்டாயம் பாருங்கள். நிறம் ஒட்டாவிட்டால் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பலகையில் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, நான்கு பக்கமும் நேராக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். லேசான சுருக்கம் இதிலேயே போய்விடும். நூல் நிறம் விட்டால் நனைக்க வேண்டாம், அந்தப் பையைத் தண்ணீர் படாத பையாக நினைத்துத் தைத்துவிடுங்கள். வரைந்த கோடுகள் இன்னும் தெரிகின்றன என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீரில் போகும் பேனாவால் வரைந்த கோட்டின் மீது சூடு பட்டால் அது நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும், எனவே அலசிய பிறகே இஸ்திரி. சூட்டில் மறையும் பேனா இதற்கு நேர்மாறு. அது கடுங்குளிரில் திரும்பத் தெரியும், அதனால் நூல் மூடாத இடத்தில் அதை நான் பயன்படுத்துவதே இல்லை.

இனி பூக்கள் ஏன் கீழே இறங்கின என்பது. இதில் சந்தேகமே கிடையாது, வெறும் கணக்குதான். பைக்கு அடிப்பகுதி வேண்டுமென்றால் அந்தத் துணி முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும்தான் வர வேண்டும். தைத்து முடித்த பை 30 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம், 8 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. விடுகிறோம். அப்போது முன்பக்கத் துண்டின் அகலம் 30 உடன் ஆழம் 8, தையலுக்கு 2, ஆக 40 செ.மீ. உயரம் 28 உடன் ஆழத்தில் பாதி 4, தையலுக்கு 2, ஆக 34 செ.மீ. பின்பக்கத்துக்கும் இதே அளவு. இந்த 40க்கு 34 துண்டில் கீழே 4 செ.மீ. பையின் அடிக்குப் போய்விடும், இடமும் வலமும் 4 செ.மீ. பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். துண்டின் நட்டநடுவில் பூவைப் போட்டால் தைத்த பிறகு அது 2 செ.மீ. கீழே இறங்கித் தெரிவது இதனால்தான். மேல் ஓரத்திலிருந்து 17 செ.மீ.யில் இருக்கிறது துண்டின் நடு, கண்ணுக்குத் தெரியும் முகப்பின் நடு 15 செ.மீ.யில் இருக்கிறது. நான் இன்னும் ஒரு சென்டிமீட்டர் மேலே ஏற்றிப் போடுவேன், பொருள் வைத்ததும் பையின் கீழ்ப்பாதி உப்பிக்கொள்ளும் என்பதற்காக. இது விதி இல்லை, என் கண்ணுக்குப் பிடித்த இடம்.

மேல் ஓரத்தில் கைப்பிடி தைக்க 5 செ.மீ. காலியாக வேண்டும். அடி மடிப்புக்கு மேலேயும் பக்க மடிப்புகளுக்கு உள்ளேயும் 2 செ.மீ. மூச்சு விட இடம் வேண்டும். எல்லாவற்றையும் கழித்தால் எம்பிராய்டரிக்குப் பாதுகாப்பான இடம் 26 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம் மட்டுமே. முதல் முறை இந்த எண்ணைப் பார்க்கும்போது எல்லோருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கொடி, இலை மாதிரி தட்டையான வேலை மடிப்பைத் தாண்டிப் பக்கவாட்டுக்கு ஓடினால் அழகாகவே இருக்கும். மணி, கண்ணாடி, தடிமனான முடிச்சுகள் மட்டும் எல்லை மீறக் கூடாது. தையல் கோட்டிலிருந்து 1.5 செ.மீ.க்குள் மணி இருந்தால் துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் ஃபுட் அதன் மேல் ஏறும், ஊசி உடையும்.

உங்கள் எம்பிராய்டரி ஏற்கெனவே முடிந்துவிட்டதால் துணியில் அளவு போட்டுப் பூவைத் தேடாதீர்கள், பூவை வைத்து அளவைத் தேடுங்கள். ஒரு பெரிய செய்தித்தாளை எடுத்து நடுவில் 30க்கு 28 செ.மீ. ஜன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணிமேல் நகர்த்தி, ஜன்னல் வழியாகப் பூ எங்கே அழகாக உட்காருகிறது என்று பாருங்கள். தள்ளி நின்று பாருங்கள், ஃபோனில் படம் எடுத்தும் பாருங்கள். இடம் முடிவானதும் ஜன்னலின் நான்கு ஓரத்தையும் வேறு நிற நூலால் பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டுவிடுங்கள். சாக் கோடு அழியும், நூல் அழியாது. அதற்கு வெளியே மேலே 1, கீழே 5, பக்கங்களில் 5 செ.மீ. சேர்த்து வெட்டும் கோடு. ஜன்னலின் நேர்க்கோடு துணியின் இழையோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இழை சாய்ந்தால் பை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு தொங்கும். அவ்வளவு துணி மிச்சமில்லை, பூ ஓரம் வரை வந்துவிட்டது என்றால் அதே கனத்தில் வேறு துணியைக் கீழேயும் பக்கங்களிலும் ஒட்டுப் போட்டு அகலமாக்குங்கள். அடியில் அடர்நிறத் துணி ஒட்டுப் போட்ட பை அழுக்கும் குறைவாகக் காட்டும். இன்னும் எம்பிராய்டரி தொடங்காதவர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: துண்டை வெட்டிவிட்டு எம்பிராய்டரி போடாதீர்கள். ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும், வெட்டின அளவு வேலை முடியும்போது இருக்காது. சுற்றிலும் 5 செ.மீ. கூடுதலாக உள்ள துணியில் போட்டு, முடித்து, அலசி, அதன்பிறகே கத்தரிக்கோல்.

பை தொங்குவது பற்றி. பையின் உருவத்தை மேல் துணி தருவதில்லை, உள்ளே இருக்கும் அடுக்குகள்தான் தருகின்றன. நான் வைக்கும் வரிசை இது: எம்பிராய்டரித் துணி, அதன் பின்பக்கம் ஒட்டிய மெல்லிய கேன்வாஸ், அதற்குள் 3 மி.மீ. ஃபோம் அல்லது அதே கனத்தில் பஞ்சு விரிப்பு, கடைசியாக லைனிங், அதாவது பையின் உள்பக்கத் துணி. ஒட்டும் கேன்வாஸில் நெய்த வகை, காகிதம் போன்ற வகை என இரண்டு உண்டு. நெய்ததையே எடுங்கள், காகித வகை மடிந்த இடத்தில் கோடு விழுந்து பிறகு அப்படியே நின்றுவிடும். நெய்த கேன்வாஸை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் நனைத்து, பிழியாமல் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கிவிடும். காயவைக்கும்போது இஸ்திரி வேண்டாம், பசை உருகிவிடும்.

ஒட்டும் வேலையில்தான் நிறையப் பேர் எம்பிராய்டரியைக் கொன்றுவிடுகிறார்கள். கெட்டியான டவலை இரண்டாக மடித்து விரித்து, எம்பிராய்டரியின் நல்ல பக்கம் டவலைப் பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். பூக்கள் டவலுக்குள் அமிழ்ந்துகொள்ளும், நசுங்காது. மேலே கேன்வாஸின் பசைப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மெல்லிய துணி ஒன்றை விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் 10 முதல் 15 விநாடி அழுத்துங்கள். தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கேன்வாஸ் நகர்ந்து குமிழ் விழும். முழுதும் ஒட்டியதும் ஆறும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். ஜரிகை மாதிரி மின்னும் நூலோ பாலியஸ்டர் நூலோ போட்டிருந்தால் முதலில் ஒரு துண்டில் அதே நூலை வைத்துச் சூட்டைச் சோதித்துப் பாருங்கள், மின்னும் நூல்கள் பலவற்றில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். ஒட்டுவதற்கு முன் எம்பிராய்டரியின் பின்பக்கத்தையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். உருண்டை முடிச்சுகள் இருந்தால் கேன்வாஸ் ஒட்டியதும் அவை முன்பக்கத்தில் பரு மாதிரி தெரியும். நூல் வாலைப் பின்தையல்களுக்குள் செருகி, முடிச்சை வெட்டிவிடுவது நல்லது. வெளிர்நிறத் துணியில் கருப்பு நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவியிருந்தால் அதையும் வெட்டுங்கள், நிழலாடும்.

ஃபோமா பஞ்சா என்பதில் ஒரே பதில் கிடையாது. ஃபோம் பையை நிறுத்தும், பஞ்சு மென்மையாகத் தொங்கவிடும். எனக்குக் கை எம்பிராய்டரிக்குப் பஞ்சுதான் பிடிக்கும். கடையில் வாங்கியது போல விறைப்பாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு 5 மி.மீ. ஃபோமும் தடித்த பக்ரமும் (அட்டை மாதிரி விறைத்த துணி) வைத்த ஒரு பை என்னிடம் உண்டு. பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், தோளில் மாட்டினால் விலாவில் குத்தும். எதை வைத்தாலும், அதைத் தையலுக்கு விட்ட 1 செ.மீ.க்குள் நுழையாமல் சுற்றிலும் குறைத்து வெட்டி, பெரிய ஓட்டுத் தையலால் கேன்வாஸோடு பிடித்து வையுங்கள். தையலுக்குள் ஃபோம் போனால் மூலைகள் திரும்பவே திரும்பாது. அடி நிற்பதற்கு 29க்கு 7.5 செ.மீ. பிளாஸ்டிக் அட்டையைத் துணி உறைக்குள் போட்டு உள்ளே சும்மா வைத்தால் போதும், தைக்க வேண்டாம்.

தைப்பது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. 16ஆம் எண் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 3 மி.மீ. முன், பின் துண்டுகளை நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து இரண்டு பக்கமும் அடியும் தையுங்கள். ஆழம் எடுக்க ஒரு மூலையைப் பிரித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு தட்டையாக்குங்கள். முக்கோணம் மாதிரி வரும். தையல் முனையிலிருந்து 4 செ.மீ. உள்ளே குறுக்காகக் கோடு போட்டால் அந்தக் கோட்டின் நீளம் சரியாக 8 செ.மீ. இருக்கும். இருந்தால் கணக்கு சரி, தைத்துவிடுங்கள். முக்கோணத்தை உடனே வெட்டாதீர்கள், பையைத் திருப்பிப் பார்த்துத் திருப்தியான பிறகு வெட்டலாம், வெட்டாமல் அடியில் மடித்தும் விடலாம். லைனிங்கும் இதே அளவுதான், ஆனால் தையலை 1 செ.மீ.க்குப் பதில் 1.3 செ.மீ.யில் ஓட்டுங்கள். கொஞ்சம் சிறியதாக வரும், உள்ளே கூடிக்கொண்டு சுருங்காது. அடித் தையலில் 15 செ.மீ. திறந்து விடுங்கள், பை அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். லைனிங் வெளிர்நிறமாக இருந்தால் உள்ளே சாவி தேட வேண்டியிருக்காது. பாக்கெட் வேண்டுமானால் லைனிங்கைச் சேர்த்துத் தைப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள். மேக்னட் பட்டனும் அப்படியே, அதன் பின்னால் ஒரு துண்டுக் கேன்வாஸ் கூடுதலாக வேண்டும்.

கைப்பிடிக்கு 10 செ.மீ. அகலம், 68 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள். நான்காக மடித்து இரு ஓரமும் தைத்தால் 2.5 செ.மீ. கைப்பிடி கிடைக்கும். முகப்பின் ஓரத்திலிருந்து 8 செ.மீ. உள்ளே, நல்ல பக்கத்தின் மேல், வளைவு கீழே தொங்கும்படி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முனைகள் மேல் ஓரத்தோடு நிற்கக் கூடாது, அதைத் தாண்டி 3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெளிப்பையை நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும் லைனிங்குக்குள் இறக்குங்கள். வாய் ஓரத்தைச் சுற்றி 1 செ.மீ.யில் தைத்து, லைனிங் ஓட்டை வழியாகத் திருப்புங்கள். நீட்டி விட்ட அந்த 3 செ.மீ. இப்போது வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் இறங்கியிருக்கும். அதன்மேல் எல்லா அடுக்கையும் சேர்த்து ஒரு சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியும் தையுங்கள். இந்தச் சதுரம் இல்லாத கைப்பிடி ஓரத் தையல் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும், கனமாக எதையாவது வைத்தால் ஒருநாள் பிய்ந்துவிடும்.

வீட்டு மிஷின் திணறுவது இந்த ஒரு இடத்தில்தான். பட்டை நான்கு அடுக்கு, அதோடு கேன்வாஸ், பஞ்சு, இரண்டு துணி, மடிப்பு எல்லாம் சேரும். மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாகப் போடுங்கள். மேட்டில் ஏறும்போது ஃபுட் சாய்ந்தால் அதன் பின்னால் மடித்த துணித்துண்டு ஒன்றை வைத்துச் சமமாக்குங்கள். ஃபோம் அடியில் ஒட்டிக்கொண்டு நகராவிட்டால் கீழே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். அப்படியும் ஊசி இறங்காவிட்டால் தடித்த ஊசியும் இரட்டை நூலும் எடுத்து அந்தச் சதுரத்தைக் கையாலேயே போட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாகவே தாங்கும்.

முடித்த பையைத் துவைக்கலாமா என்று யாரும் கேட்காமல் இருக்க மாட்டார்கள். துவைத்துப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நான் மிஷினில் போடுவதில்லை, அழுக்கான இடத்தை மட்டும் ஈரத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஒட்டிய கேன்வாஸ் பல முறை துவைத்தால் பிரிந்து குமிழ் விழ வாய்ப்பிருக்கிறது. தேய்மானம் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன். உடம்பில் உரசும் பின்பக்கத்தில் எம்பிராய்டரி நீடிக்காது. முன்பக்கத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான சாட்டின் தையல் (இதழை நிரப்ப நெருக்கமாக அடுத்தடுத்துப் போடும் நேர் இழைகள்) வளையலிலும் ஜிப்பிலும் மாட்டி இழுபடும். பெரிய இதழ்களைச் சங்கிலித் தையலாலோ சின்னச் சின்னத் தையல்களாலோ நிரப்புவது பைக்கு ஏற்றது. மேலே சொன்னதெல்லாம் கை எம்பிராய்டரிக்கு, கணினி மிஷின் எம்பிராய்டரிக்கு அடியில் வைக்கும் தாளும் அடர்த்தியும் வேறு.

உங்கள் முதல் பையையும் தூக்கிப் போட வேண்டாம். மூலை முக்கோணங்களை வெட்டாமல் விட்டிருந்தால், லைனிங்கைக் கொஞ்சம் பிரித்து அந்த இரண்டு குறுக்குத் தையலையும் எடுத்துவிடுங்கள். அடி இல்லாத தட்டையான பையாகிவிடும், ஒளிந்திருந்த பூக்கள் முன்பக்கத்துக்கு ஏறி வந்துவிடும். கொஞ்சம் அடி வேண்டுமென்றால் 8 செ.மீ.க்குப் பதில் 3 செ.மீ. ஆழத்தில் திரும்பத் தையுங்கள். வெட்டியிருந்தால் அந்த வழி இல்லை. அப்போது பூ உள்ள பகுதியை மட்டும் சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டியெடுத்து, ஓரத்தை மடித்து, வேறு கெட்டித் துணியில் தைக்கும் பையின் முகப்பில் ஒட்டுப் போட்டுவிடலாம்.